சாம்பல் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது யார்? பெங்களூரு 2024 கோடையில் ஒரு வீடு

கே.ஆர்.புரத்தை ஒட்டிய ஒரு லேஅவுட்டில், முப்பதுக்கு நாற்பது மனையில், தரைத்தளமும் இரண்டு மாடியுமாக எழுந்த வீடு இது. 2024 கோடையில் பெங்களூரில் கட்டட வேலை நடத்தியவர்களுக்கு அந்த மூன்று மாதங்கள் லேசில் மறக்காது. போர்வெல்கள் வறண்டன, டேங்கர் விலை எகிறியது. மார்ச் 8-ஆம் தேதி வாட்டர் போர்டு ஓர் உத்தரவு போட்டது: குடிநீரைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம். எங்கள் சைட்டில் தரைத்தளத்துக்கு மேல் ரூஃப் கான்கிரீட் போட்டு முடித்ததும் அதே வாரம்தான்.

அதுவும் சாம்பல் கலந்த கான்கிரீட். வீட்டுக்காரர் ஆம்பூர் பக்கத்துக்காரர், ஐடி வேலை, சுற்றுச்சூழல் பற்றி நிறையப் படிப்பவர். "சிமென்ட்டைக் குறைக்க முடியுமா சார்?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. முடியும் என்றேன். ஸ்லாபுக்கு வந்த ரெடிமிக்ஸில் சிமென்ட்டின் 30 சதவீதத்துக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பல். தூண்களுக்கும் செங்கல் வேலைக்குப் பதிலாக வந்த சாலிட் பிளாக் கட்டுமானத்துக்கும் பிபிசி, அதாவது சாம்பல் கலந்தே பையில் வரும் சிமென்ட். மேஸ்திரி தருமபுரி, சென்ட்ரிங் ஆட்கள் திருவண்ணாமலை, வாட்ச்மேன் குடும்பம் அரூர். சைட்டில் தமிழ்தான் ஓடும். ரெடிமிக்ஸ் லாரி வந்தால் மட்டும் கன்னடமும் இந்தியும் கலந்துவிடும்.

சாம்பல் கூடினால் கான்கிரீட் அதிக நாள் ஈரம் கேட்கும். ஊரிலோ அந்த நேரம் பார்த்து ஈரத்துக்கே பஞ்சம். இந்த இரண்டும் ஒரே வீட்டில் முட்டிக்கொண்டபோது என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வு.

மிச்சக் கணக்கு

சிமென்ட்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுட்டால் கிடைப்பது. சுடுவதற்கு எரிக்கும் நிலக்கரியால் வரும் புகை ஒரு பக்கம். கல்லே உடைந்து வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிய பங்கு, பாதிக்கும் மேல். அதனால் சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் கல்லிலிருந்து வருவதை நிறுத்த முடியாது. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 0.85 டன் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் வீட்டின் ஒரு ரூஃப் சுமார் 84 சதுரமீட்டர். ஐந்து அங்குல ஸ்லாபும் பீமும் சேர்த்து 13 கனமீட்டர் கான்கிரீட். கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்ட் என்றால் நாலு டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதில் 30 சதவீதம் சாம்பலானால் ஒன்றேகால் டன் சிமென்ட் மிச்சம், ஏறத்தாழ ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். ஒரே ஒரு ரூஃபுக்கு இது நல்ல கணக்கு.

சாம்பலுக்குப் பஞ்சமும் இல்லை. இந்தியாவின் அனல்மின் நிலையங்கள் ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் சாம்பல் கக்குகின்றன. 1999-ல் தொடங்கிய சாம்பல் அறிவிக்கையை மத்திய அரசு 2021 டிசம்பர் 31-ஆம் தேதி புதுப்பித்து வெளியிட்டது. மின் நிலையங்கள் சாம்பலை முழுக்கப் பயன்பாட்டுக்குத் தள்ளிவிட வேண்டும், தள்ளாமல் கிடக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் இழப்பீடு என்பது அதன் சாரம். பெங்களூருக்கு வடக்கே ராய்ச்சூர், பெல்லாரி அனல்மின் நிலையங்கள், தெற்கே மேட்டூர். ஓசூர் சாலையில் இரவில் பொடி ஏற்றிப்போகும் பல்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் போவதெல்லாம் சிமென்ட் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிபிசி பையில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது. இந்தியத் தர நூல் ஐ.எஸ். 1489-ன்படி 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். எத்தனை சதவீதம் என்று பையிலேயே அச்சிட்டிருக்கும். அந்தப் பையோடு மேற்கொண்டு சைட்டில் மண்வெட்டியால் சாம்பலை அள்ளிக் கலப்பது வேண்டாத வேலை. எங்கள் மேஸ்திரிக்கும் ஒரு பிளாக் யார்டுக்காரர் மூட்டை மூட்டையாகச் சாம்பல் தரத் தயாராக இருந்தார். "சும்மா வருது சார், பத்துப் பைக்கு ரெண்டு பை போட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மேஸ்திரி. கான்கிரீட்டுக்குத் தெரியும். அந்தச் சாம்பல் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் மின்தூசிப் பிரிப்பானின் எந்த அறையிலிருந்து வந்தது, தண்ணீரோடு குட்டையில் கொட்டிய ஏரிச் சாம்பலா, அதில் எரியாத கரி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கான்கிரீட்டுக்கான சாம்பலுக்கு ஐ.எஸ். 3812 வைக்கும் நிபந்தனைகளில் இரண்டு முக்கியம்: எரியிழப்பு (சுட்டால் குறையும் எடை) 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், நுண்மை (துகள்களின் மொத்தப் பரப்பு) கிலோவுக்கு 320 சதுரமீட்டருக்குக் குறையக் கூடாது. கரி கூடினால் அது கலவையை இளக்கச் சேர்க்கும் அட்மிக்ஸ்சர் திரவத்தைக் குடித்துவிடும். கலவை இறுகும், ஆட்கள் குழாயைத் திறந்து தண்ணீரை ஊற்றுவார்கள். அதோடு எல்லாக் கணக்கும் போச்சு.

தண்ணீர் கணக்கு

சிமென்ட்டும் தண்ணீரும் சேரும்போது வலுக் கொடுக்கும் பசையோடு கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்பும் உபரியாக வெளிவருகிறது. சாம்பலில் இருக்கும் கண்ணாடித் தன்மையுள்ள சிலிக்கா, அந்த உபரிச் சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் பசை ஆகிறது. ஆனால் சாம்பல் இரண்டாம் பந்தி ஆள். முதல் பந்தி எழுந்த பிறகுதான் அதற்கு இலை விழும். முதல் வாரத்தில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. இரண்டாம் வாரத்திலிருந்துதான் வேலை சூடுபிடிக்கும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்த வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆக, ஏழாம் நாள் தண்ணீரை நிறுத்தினால் சாம்பல் சிமென்ட்டாக மாறாமல் வெறும் பொடியாக உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

கான்கிரீட்டுக்கான தர நூல் ஐ.எஸ். 456 இதைத் தெளிவாகவே சொல்கிறது. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம். சாம்பல், இரும்பாலைக் கசடு கலந்தவற்றுக்குக் குறைந்தது 10 நாள், 14 ஆக்கினால் நல்லது. இந்தியாவில் விற்கும் சிமென்ட்டில் பெரும்பங்கு கலப்புச் சிமென்ட்டாகி வெகுகாலம் ஆகிறது. சைட்டில் இன்னும் ஓடுவது ஏழு நாள் கணக்குதான். பை மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

எங்கள் ரூஃபில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். வெயிலுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 84 சதுரமீட்டருக்கு 420 லிட்டர். 14 நாளைக்கு ஏறத்தாழ 5,900 லிட்டர், ஒரு 12,000 லிட்டர் டேங்கரில் பாதி. ஐந்து கிலோமீட்டருக்குள் அந்த டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் மார்ச்சில் விலை கட்டியது. அந்த விலைக்குக் கிடைத்ததா என்பது வேறு கதை. ஆனாலும் ஒரு வீட்டின் செலவில் இது பெரிய தொகையே இல்லை. அப்புறம் ஏன் தண்ணீர் போகவில்லை?

இரண்டு காரணம். பாத்தி கசியும், அதனால் நிஜச் செலவு இந்தக் கணக்கைப்போல இரண்டு மூன்று மடங்கு. இன்னொன்று, க்யூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது, யாருடைய வேலையும் இல்லை. மேஸ்திரியின் கூலி கான்கிரீட் போட்டதோடு முடிந்தது. சென்ட்ரிங்காரருக்குப் பலகையைக் கழற்றினால்தான் அடுத்த சைட். மிஞ்சியது வாட்ச்மேனின் மனைவி. பெங்களூரில் பாதி வீடுகளின் கான்கிரீட்டுக்கு ஈரம் காட்டுவது இப்படி ஒரு பெண்தான். அதற்கென்று அவருக்குத் தனிக் கூலி கிடையாது. காலையில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை குழாயைப் பிடிப்பார். நடுப்பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை கான்கிரீட் காயும். உத்தரவு வந்த பிறகு வீட்டுக்காரரும் பயந்துபோய் டேங்கரைக் குறைத்தார். "குடிக்கவே இல்லாதப்ப தரைக்கு ஊத்தறோம்னு பக்கத்து வீட்டுல கத்தறாங்க சார்" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மூன்று கட்டமாக மேலேற்றிக் கொண்டுவரும் காவிரி நீரை கான்கிரீட் மேல் ஊற்றுவது அந்த மார்ச்சில் கண்ணுக்கு உறுத்தத்தான் செய்தது.

ரூஃபாவது பரவாயில்லை. பாத்தி ஒரு வாரமாவது நின்றது, அடியில் பலகை ஈரத்தைப் பிடித்து வைத்தது. அடிபட்டது அதற்கு மேல் எழுந்த முதல் மாடித் தூண்கள்.

கியூப் பாஸ், தூண்?

தூண்களில் பாத்தி கட்ட முடியாது. பலகை கழற்றிய மறு நிமிடத்திலிருந்து நாலு பக்கமும் காற்றும் வெயிலும். கையிலிருந்த சாக்குகள் பாதித் தூண்களுக்குத்தான் போதும். மேஸ்திரி தெருப்பக்கத் தூண்களுக்கு மட்டும் சாக்கு சுற்றினார். வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கினால் கண்ணில் படுவது அவைதான். பின்பக்கத் தூண்கள் வெறும் குழாய்த் தண்ணீரோடு நின்றன. தெருப்பக்கம் மேற்கு, நல்ல வெயில். பின்பக்கம் நிழல், ஆனால் காலி மனை, காற்று வீசும்.

கியூப், அதாவது அதே கலவையில் வார்த்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கும் கனசதுரக் கட்டி, அதன் 28 நாள் ரிசல்ட் வந்தது. எம் 25 என்ற வலுத் தரத்துக்குத் தேவையானதைத் தாண்டியிருந்தது. மேஸ்திரி முகத்தில் வெற்றி. நான் பின்பக்கத் தூண் ஒன்றில் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் அழுத்திக் கீறினேன். சாம்பல் நிற மாவு உதிர்ந்தது. தெருப்பக்கத் தூணில் அதே அழுத்தத்துக்குப் பளபளவென்று ஒரு கோடு மட்டும். அப்புறம் இரண்டிலும் விரல்நுனியால் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். சாக்கு சுற்றிய தூணில் சொட்டு கொஞ்ச நேரம் முத்தாக நின்று மெல்ல வழிந்தது. மற்றதில் பட்டதும் உறிஞ்சிக் கருப்புத் திட்டாகிவிட்டது. இரண்டும் ஒரே நாள், ஒரே பை, ஒரே மிக்ஸர். நிழலில் நின்றது தோற்று, வெயிலில் நின்றது ஜெயித்திருந்தது. நிழல் மட்டும் ஈரத்தைக் காக்காது, மூடி நனைப்பதுதான் காக்கும் என்பதைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

கியூப் எப்படிப் பாஸ் ஆனது? அது ஆய்வகத் தொட்டியில், 27 டிகிரித் தண்ணீரில் 28 நாள் மூழ்கிக் கிடந்தது. கலவைக்கு என்ன திறமை இருக்கிறது என்று மட்டும்தான் கியூப் சொல்லும். தூண் வளர்ந்த விதம் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கியூப் அறிக்கையைக் காட்டிக் க்யூரிங் சரியாக நடந்தது என்று வாதாடும் கான்ட்ராக்டர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

அடித்ததும் எவ்வளவு துள்ளுகிறது என்பதை வைத்துக் கடினத்தைக் காட்டும் ரீபவுண்ட் சுத்தியால் அடித்துப் பார்த்தோம். பின்பக்கத் தூண்களில் எண்கள் இறங்கின. ஆனால் அந்தக் கருவி பார்ப்பது மேல்தோலை. அதை வைத்து வலுவை மதிப்பிட்டால் 25 சதவீதம் வரை முன்பின் ஆகலாம் என்று பழைய இந்தியத் தர நூலே எச்சரித்தது. அதனால் கம்பியைத் தவிர்த்துத் தூணைத் துளைத்துக் கோர், அதாவது உருளைத் துண்டு, எடுத்துச் சோதித்தோம். கோர்களின் சராசரி தேவையான வலுவில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. எங்களுடையது தேறியது. தூண் விழப் போவதில்லை, இடிக்கவும் வேண்டாம்.

சரி, அப்படியானால் என்ன பிரச்சினை? க்யூரிங் குறைந்தால் கெட்டுப்போவது பெரும்பாலும் வெளிப்பக்கத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். உள்ளே கான்கிரீட் தன் ஈரத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வெளிப்பக்கம்தான் கம்பிக்குக் கவசம். தூணுக்குக் கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட், 40 மில்லிமீட்டர் வைக்கிறோம் என்றால் அது முழுக்கக் கெட்டியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான். சாம்பல் கான்கிரீட்டுக்கு இதில் இன்னொரு பலவீனம் உண்டு. உபரிச் சுண்ணாம்பைச் சாம்பல் தின்றுவிடுவதால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எதிர்த்து நிற்கும் காரத்தன்மை சேமிப்பு குறைவு. நன்றாக ஈரம் காட்டினால் துளைகள் அடைபட்டு அந்தக் குறை ஈடாகிவிடும். ஈரம் காட்டாவிட்டால் சேமிப்பும் இல்லை, துளையும் அடைபடவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம். அதே அலட்சியத்தைச் சாதாரண சிமென்ட் ஓரளவு மன்னித்துவிடும்.

இது இன்றைக்குத் தெரியாது. பதினைந்து இருபது வருடம் கழித்துத் தூண் மூலையில் கம்பி துருப்பிடித்துக் கீறல் விடும்போதுதான் தெரியும். அறுபது வருடம் நிற்க வேண்டிய வீடு முப்பதில் இடிபட்டால், நாம் மிச்சப்படுத்திய கார்பனைவிட அதிகமாகத் திரும்பச் செலவழிப்போம். பசுமைக் கட்டடச் சான்றிதழ்களில் சாம்பலுக்கு மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு தூணும் எத்தனை நாள் ஈரமாக இருந்தது என்று தேதி போட்ட பதிவேடு கேட்கும் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பின்பக்கத் தூண்களை மறுபடி சாக்கு சுற்றி நனைத்தோம். நின்றுபோன வினை ஈரம் கண்டால் திரும்பத் தொடங்கும், ஆனால் இழந்ததை முழுக்க மீட்காது. அதனால் வெளிப்பூச்சை அங்கே கொஞ்சம் கெட்டியாக வைத்து, மேலே கார்பனேற்றத் தடுப்புப் பெயின்ட் என்று முடிவு செய்தோம். வீட்டுக்காரருக்கு அது எதிர்பாராத செலவு.

அடுத்த ரூஃபுக்கு மாற்றியவை

ஏப்ரலில் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. முதல் மாடிக்கு மேல் ரூஃப் போட வேண்டும். சாம்பலை விட்டுவிட்டு முழுச் சிமென்ட்டுக்குப் போய்விடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றுவது என்ற ஒரு வழியை மட்டுமே க்யூரிங் என்று நினைப்பதால் வரும் பயம் அது. உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டாலும் க்யூரிங்தான்.

முதலில் நேரத்தை மாற்றினோம். சதுரமீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியானால் இறுகும் முன்பே மேற்பரப்பு வெடிக்கும் என்பது பொதுக் கணக்கு. சாம்பல் கலவையில் மேலே கசிந்து வரும் தண்ணீரும் குறைவு, ஆகவே தோல் சீக்கிரம் காயும். அதனால் லாரியைச் சாயங்காலம் வரச் சொன்னோம். லெவல் பார்த்துத் தேய்த்த உடனே, ஒவ்வொரு பகுதியாக, பாலித்தீன் ஷீட் விரித்தோம். மறுநாள் காலை ஷீட்டை எடுத்து, இரட்டை மடிப்புச் சாக்கை நனைத்துப் போட்டு, அதன் மேல் அதே ஷீட். ஓரமெல்லாம் எம்-சாண்ட் மூட்டை. முதல் இரவே காற்றில் ஒரு மூலை பிய்த்துக்கொண்டு பக்கத்து மொட்டைமாடிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மூட்டைகளை நெருக்கி வைத்தார்கள். இந்த ஏற்பாட்டில் காலையில் ஒரு தடவை சாக்கு நனைத்தால் மறுநாள் காலை தூக்கிப் பார்க்கும்போதும் ஈரம் சொட்டும். பாத்திக்கு ஆன தண்ணீரில் சிறு பங்குதான் ஆனது.

தூண்களுக்கு நனைத்த சாக்கு, அதன் மேல் பார்சல் சுற்றும் ஸ்ட்ரெட்ச் ஃபிலிம். இதைச் சொன்னபோது மேஸ்திரி சிரித்தார். "தூணுக்கு லக்கேஜ் பேக்கிங்கா சார்?" பிறகு தானே ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அவருக்குப் பிடித்துப்போனது. ஏனென்றால் அவருக்கு அதில் வேலை குறைந்தது.

க்யூரிங் காம்பவுண்டையும் யோசித்தோம். மெழுகு அல்லது ரெசின் அடிப்படையிலான திரவம். கான்கிரீட் மேல் தெளித்தால் படலமாகி ஆவியாதலைத் தடுக்கும். ஒரு லிட்டர் நாலைந்து சதுரமீட்டருக்கு வரும். பொறியாளர் அனுமதித்தால் தண்ணீருக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று ஐ.எஸ். 456-ம் சொல்கிறது. சாலை வேலைகளில் அருமையான பொருள். வீட்டில் சிக்கல், பூச்சு. மெழுகுப் படலத்தின் மேல் சிமென்ட் பூச்சு பிடிக்காது. சுரண்டி எடுக்க வேண்டும், யாரும் ஒழுங்காகச் சுரண்ட மாட்டார்கள். பூச்சு வராத பாராபெட் உச்சிக்கும் ஓவர்ஹெட் டேங்க் மேல்மூடிக்கும் மட்டும் அடித்தோம். அதை அடிக்க வேண்டிய நேரமும் குறுகியது: மேலே கசிந்த நீர் மறைந்த அடுத்த கணம். ஒரு மணி நேரம் தள்ளி அடிப்பது பூட்டிய கடைக்குக் காவல் போடுவதுதான், உள்ளே இருந்தது போய்விட்டிருக்கும்.

தண்ணீர் மூலத்தையும் மாற்றினோம். அருகிலுள்ள அடுக்குமாடியில் எஸ்டிபி நீர், அதாவது சுத்திகரித்த கழிவுநீர், கிடைத்தது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். அமிலகாரக் குறியீடு 6-க்குக் குறையாமல், இரும்புக்கம்பி கான்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், சல்பேட் 400-க்குள் என்ற எல்லைகளில் அடங்கியிருந்தது. தொழில்நுட்பத்தில் முடிந்துபோன இந்த விஷயம் வீட்டில் முடியவில்லை. வீட்டுக்காரரின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். "தம்பி, பூஜை ரூம் வர்ற இடத்துக்கு மேலயா அந்தத் தண்ணிய ஊத்தறீங்க?" இதற்கு ஐ.எஸ். நூல்களில் பதில் கிடையாது. பூஜை அறைக்கு மேல் வரும் பகுதிக்கு மட்டும் டேங்கர் தண்ணீர், மற்ற இடங்களுக்கு எஸ்டிபி என்று சமாதானம் ஆயிற்று. ஒரு மூலைக்கு ஒரு நாளைக்கு நாலு குடம். போகட்டும்.

கடைசிச் சண்டை முட்டுகளுக்காக. நாலரை மீட்டர் வரையுள்ள ஸ்லாபின் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம் என்ற விதி சாதாரண சிமென்ட்டுக்கானது. வேறு சிமென்ட் என்றால் நாளை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது அதே விதி. நாங்கள் 14 நாள் விட்டோம். சென்ட்ரிங்காரர் கூடுதல் வாடகை கேட்டார். நியாயம்தான். சாம்பலால் மிச்சமான காசை முட்டு வாடகை தின்றது என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார். இதை முதல் நாளே கொட்டேஷனில் எழுதியிருந்தால் யாரும் சுளித்திருக்க மாட்டார்கள்.

சூட்டை வேலைக்கு வைத்த இடம்

இந்த வீட்டுக்குச் சாலிட் பிளாக் கொடுத்தது அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு யார்டு. சிமென்ட், சாம்பல், எம்-சாண்ட், சிப்ஸ். பிளாக்குகளையும் 14 நாள் ஈரமாக வைக்க வேண்டும். அங்கும் போர் வறண்டிருந்தது. உரிமையாளர் கிருஷ்ணகிரிக்காரர்; கொதிகலன் வாங்கி நீராவி க்யூரிங் போடலாமா என்று கேட்டார். சூடு ஏறினால் சாம்பலின் மந்தம் தெளியும், ஒரே நாளில் பல நாள் வலு வரும், உண்மை. ஆனால் 70 டிகிரிக்கு மேல் போனால் பிற்காலத்தில் உள்ளேயே எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. அதோடு அவர் கொதிகலனில் எரிக்க நினைத்தது விறகு. கார்பனை மிச்சம் பிடிக்க மரத்தை எரிப்பதா?

பதிலுக்கு அவர் செய்தது எளிது. இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் கண்ணாடி பாலித்தீன் போட்டுக் கூடாரம். அச்சிலிருந்து வந்த பிளாக்குகளை ஒரு தடவை நனைத்து உள்ளே அடுக்கிக் கதவை மூடிவிடுவார். மதியம் உள்ளே நுழைந்தால் என் மூக்குக்கண்ணாடி மூடுபனியாகிவிடும். ஆவியான தண்ணீர் ஷீட்டில் பட்டுப் பிளாக் மேலேயே திரும்பச் சொட்டுகிறது. பெங்களூரு வெயில் அவருக்கு இலவச அடுப்பு. உடைந்துபோகும் பிளாக்குகள் குறைந்தன என்கிறார். ஓரங்கள் கூர்மையாக வருவதை நானே பார்த்தேன்.

நுண்குமிழிகள் நிறைந்து லேசாக இருக்கும் ஏஏசி பிளாக் இதன் உச்சம். சாம்பல், சுண்ணாம்பு, சிமென்ட், ஜிப்சம், கொஞ்சம் அலுமினியப் பொடி. 180 டிகிரிக்கு மேல் அழுத்த நீராவியில் சில மணி நேரம். தண்ணீர்க் குழாயே தேவையில்லை, தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடையே ஊட்டிப் பிளாக்கைக் கெட்டியாக்கும் முறையும் உலகில் நடக்கிறது. கம்பி இல்லாத பிளாக்குக்கு அது பொருத்தம். கம்பி இருக்கும் இடத்தில் காரத்தன்மையைக் குறைப்பதால் யோசிக்க வேண்டும். சிமென்ட்டே இல்லாமல் சாம்பலைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் கொண்டு கட்டும் ஜியோபாலிமருக்கு 2020-ல் ஐ.எஸ். 17452 வந்தது, அதுவும் ப்ரீகாஸ்ட், அதாவது முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவரும் பொருள்களுக்கு மட்டும். செருப்புக்கூட இல்லாமல் கான்கிரீட்டில் நிற்கும் சித்தாள் கையில் காஸ்டிக் கரைசலைக் கொடுக்க நான் தயாரில்லை.

வீட்டு வேலைக்கு அடுத்து வரப் போவது சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமென்ட் என்று நினைக்கிறேன். 2023-ல் ஐ.எஸ். 18189 அதற்கு வழிவிட்டது. கிளிங்கர் பாதியளவு போதும்; சுட்ட களிமண் சாம்பலைவிடச் சுறுசுறுப்பு, ஏழாம் நாளே வலுவைக் காட்டிவிடும். நிலக்கரி குறையக் குறையச் சாம்பலும் குறையும் என்பதால் எப்படியும் அந்தப் பக்கம் போயாக வேண்டும். அதற்கும் ஈரம் வேண்டும்.

மூன்றாவது ரூஃபும் பில்லும்

இரண்டாவது ரூஃபின் நாணயச் சோதனையில் மாவு உதிரவில்லை. சுற்றிய தூண்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வந்தன. மூன்றாவது ரூஃபை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது; ஜூன் 2-ஆம் தேதி ஒரே நாளில் 111 மில்லிமீட்டர். அந்த ரூஃப் மழையிலேயே ஊறியது. அதை எங்கள் முறையின் வெற்றியாகக் கணக்கில் எழுத முடியாது. மூன்று ரூஃபுக்கும் 56 நாள் கியூபும் எடுத்து வைத்தோம். சாம்பல் கலவையில் 28-க்கும் 56-க்கும் இடையே வலு நன்றாகவே ஏறியது.

இப்போது நான் தயாரிக்கும் அளவுப் பட்டியலில் க்யூரிங் தனி வரி. சாக்கு, பாலித்தீன், ஃபிலிம் இத்தனை சதுரமீட்டர். தண்ணீர்ச் சோதனை ஒன்று. ஈரம் பார்க்கும் ஆளுக்கு 14 நாள் கூலி, ஒவ்வொரு ரூஃபுக்கும். அந்த வரியைப் பார்த்துக் கான்ட்ராக்டர்கள் முதலில் அடிக்கப் பார்ப்பது கூலியைத்தான். "வாட்ச்மேன் வீட்ல பாத்துப்பாங்க சார், அதுக்கு எதுக்குத் தனியா?" என்பார்கள். அந்த வரியை அடித்தால் சாம்பல் வரியையும் சேர்த்து அடித்துவிடுங்கள், முழுச் சிமென்ட்டே போடலாம் என்று சொல்லிவிடுகிறேன். விலை வித்தியாசத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் கூலியை விட்டுவைக்கிறார்கள். கே.ஆர்.புரம் வீட்டில் அந்தக் கூலி இரண்டாவது ரூஃபிலிருந்து அரூர் அம்மாவுக்கே போனது. முதல் ரூஃபுக்கானதையும் வீட்டுக்காரர் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டார்.